ஆங்கிலக் கூட்டுச்சொல்: அழுத்தம் எங்கே விழும், வாய் அதை எப்படித் திட்டமிடும்?

வாசகர் கேள்வி, ஜூன் 3

இரண்டு பெயர்ச்சொல் சேர்ந்து கூட்டுச்சொல்லானால் முதல் சொல்லில் அழுத்தம். வெறும் அடைமொழித் தொடரானால் இரண்டாவதில் அழுத்தம். வகுப்பறைப் பலகைக்கு ˈபிளாக்போர்ட், கறுப்பாக இருக்கும் ஏதோ ஒரு பலகைக்கு பிளாக் ˈபோர்ட். பாடப்புத்தகம் இதோடு முடித்துக்கொள்கிறது. அப்படியானால் ஆப்பிள் ˈபை ஏன் பின்னால் அழுந்துகிறது? ˈஆப்பிள் கேக் மட்டும் ஏன் முன்னால்? இன்னொன்று: பேசுபவர் இரண்டு சொல்லை எடுத்து ஒட்டுகிறாரா, ஒரே சொல்லாக எடுக்கிறாரா? இரண்டாகத்தான் எடுக்க வேண்டும் என்பது என் வாதம். இல்லையென்றால் புதிதாக உருவாகும் கூட்டுச்சொல்லை யாராலும் சொல்லவே முடியாதே.

ஜூன் 3, இரவு

இதில் இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன. அழுத்தம் எந்தச் சொல்லில் என்பது ஒன்று. சொல்லுக்கு வாய் எப்படித் தயாராகிறது என்பது இன்னொன்று. முதலில் அழுத்தம். ˈ என்ற குறி எந்தப் பகுதிக்கு முன்னால் நிற்கிறதோ அங்கே அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத வசதியாக முன்சொல், பின்சொல் என்றே சொல்கிறேன்.

பாடப்புத்தக விதி மொழியியலாளர்கள் சோம்ஸ்கியும் ஹாலியும் 1968இல் முறைப்படுத்திய இரண்டு விதிகளின் சுருக்கம்: கூட்டுச்சொல்லில் முன்பகுதி மேலோங்கும், தொடரில் பின்பகுதி மேலோங்கும். பெரும்பாலான கூட்டுச்சொற்களுக்கு இது பொருந்துகிறது. ஆனால் விதியைப் படித்தவர்கள் ‘அழுத்தம்’ என்பதைச் சத்தம் என்று புரிந்துகொண்டு முன்சொல்லைக் கத்துகிறார்கள். பிழை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ˈபிளாக்போர்ட் சொல்லும்போது ‘போர்ட்’ அழுத்தமே இல்லாத அசை ஆகிவிடுவதில்லை. அதன் உயிர் முழுதாகவே ஒலிக்கிறது. மாறுவது சுருதி. ‘பிளாக்’கில் சுருதி ஏறி, அங்கேயே இறங்கத் தொடங்கி, ‘போர்ட்’ தாழ்ந்து தட்டையாக ஓடுகிறது. ஆப்பிள் ˈபை போன்றவற்றில் சுருதி இரண்டு இடத்தில் ஏறுகிறது: ‘ஆப்பிள்’ ஒரு முறை, ‘பை’ ஒரு முறை. கடைசி ஏற்றம் என்பதால் ‘பை’ ஓங்கித் தெரிகிறது. ஆக முன்னழுத்தச் சொல்லுக்கு ஒரு சிகரம், பின்னழுத்தச் சொல்லுக்கு இரண்டு சிகரம். ஆப்பிள் ˈபை சொல்ல ‘ஆப்பிளை’ அமுக்கிவிட்டு ‘பை’யை மட்டும் தூக்குகிறவர், யாரோ சொன்னதைத் திருத்துவது போல ஒலிப்பார்.

ஜூன் 4

இனி, எது முன்னால், எது பின்னால். விதிவிலக்குகள் தாறுமாறானவை அல்ல. அவை குழுக்களாக வருகின்றன.

முன்சொல் ஒரு பொருள் எதனால் ஆனது என்று சொன்னால் பெரும்பாலும் பின்னழுத்தம்: சில்க் ˈடை, ஸ்டீல் ˈபிரிட்ஜ், சிக்கன் ˈசூப், சீஸ் ˈசாண்ட்விச், கார்லிக் ˈபிரெட். இடத்தைச் சொன்னாலும் அப்படியே: கிச்சன் ˈசிங்க், சிட்டி ˈசென்டர், டவுன் ˈஹால். காலத்தைச் சொன்னாலும் அப்படியே: சம்மர் ˈஹாலிடே, சண்டே ˈலஞ்ச்.

சமையல் பொருள்களில் கேக், ஜூஸ், வாட்டர் என முடிபவை இந்தக் குழுவை விட்டு விலகி முன்னால் அழுந்துகின்றன: ˈகிறிஸ்மஸ் கேக், ˈஆரஞ்சு ஜூஸ், ˈபார்லி வாட்டர். கேள்வியில் வந்த ˈஆப்பிள் கேக்குக்கு இதுதான் விடை. ‘ஆப்பிள்’ இரண்டிலும் ஒன்றுதான், உறவும் ஒன்றுதான். மாறியது பின்சொல், அந்தப் பின்சொல்லின் குடும்பம் முடிவைத் தீர்மானித்துவிட்டது.

இதைப் பதிவுகளில் சோதித்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மன் மொழியியலாளர் இங்கோ பிளாக். 2008இல் அவரும் குழுவினரும் பாஸ்டன் பல்கலைக்கழகம் தொகுத்த வானொலிச் செய்திப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். பொருள் உறவுகள் அழுத்தத்தை ஒரு பக்கம் சாய்க்கின்றன, ஆனால் எந்த உறவும் அதை முழுக்க நிர்ணயிப்பதில்லை என்று தெரிந்தது. அவருடைய பிற ஆய்வுகள் குடும்பச் சாய்வைக் காட்டின. ஒரே முன்சொல்லோ பின்சொல்லோ கொண்ட மற்றக் கூட்டுச்சொற்கள் எப்படி அழுந்துகின்றனவோ, புதியதும் அப்படியே அழுந்துகிறது. 2012இல் மெலனி பெல்லும் பிளாக்கும் இன்னொரு காரணத்தைச் சேர்த்தார்கள்: பின்சொல் எவ்வளவு தகவல் தருகிறது? முன்சொல்லைக் கேட்டதுமே ஊகிக்க முடிகிற பின்சொல், எங்கும் வந்து ஒட்டிக்கொள்ளும் பின்சொல், இவை அழுத்தத்தை விட்டுக்கொடுக்கின்றன. தகவல் கனமான பின்சொல் அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறது. எனக்கு இந்த விளக்கம்தான் மற்றவற்றைவிட ஆழமாகப் படுகிறது. ‘ஸ்ட்ரீட்’ ஏன் அழுந்துவதில்லை என்பதை இது ஓரளவு சொல்லிவிடுகிறது.

பழகுபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் வழி: சொல்லைப் பார்த்ததும் இது கூட்டுச்சொல்லா தொடரா என்று யோசிக்க வேண்டாம். கடைசிச் சொல்லை எடுத்து, அதில் முடியும் தெரிந்த சொற்கள் இரண்டு மூன்றை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அவை எப்படி அழுந்துகின்றனவோ அப்படியே இதையும் சொல்லுங்கள்.

ஜூன் 4, மாலை

‘ஸ்ட்ரீட்’ பற்றி விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ˈஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட், ஆனால் ஆக்ஸ்ஃபோர்ட் ˈரோட். ரோட், அவென்யூ, ஸ்குவேர், பார்க், பிரிட்ஜ் எல்லாம் பின்னழுத்தம்: மேடிசன் ˈஅவென்யூ, டிரஃபால்கர் ˈஸ்குவேர், ஹைட் ˈபார்க், லண்டன் ˈபிரிட்ஜ். ஸ்ட்ரீட் ஒன்றுதான் தனி. லண்டனில் வழி கேட்பவருக்கு இந்த ஒரு விவரமே பாதிப் பயிற்சி.

ஜூன் 5

பொருள் மாறும் இணைகளைப் பட்டியலிடச் சொன்னார்கள். நடைமுறையில் உண்மையாகவே குழப்பம் தருபவை மட்டும்:

ˈஇங்கிலிஷ் டீச்சர் ஆங்கிலம் கற்பிப்பவர். இங்கிலிஷ் ˈடீச்சர் இங்கிலாந்துக்காரரான ஆசிரியர். ˈடாய் ஃபேக்டரி பொம்மை செய்யும் ஆலை; டாய் ˈஃபேக்டரி பொம்மையாகச் செய்த ஆலை. ˈஸ்லீப்பிங் பில் தூக்க மாத்திரை. ஸ்லீப்பிங் ˈசைல்ட் தூங்கும் குழந்தை. ˈகிரீன்ஹவுஸ் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். கிரீன் ˈஹவுஸ் பச்சை வீடு. அமெரிக்க அதிபரின் மாளிகை ˈவைட் ஹவுஸ். தெருவிலுள்ள வெள்ளை வீடு வைட் ˈஹவுஸ்.

செயலைச் செய்பவரையோ அதற்கான கருவியையோ குறித்தால் முன்னழுத்தம் என்று ஏறக்குறைய நம்பலாம்: ˈடிரக் டிரைவர், ˈவாஷிங் மெஷின், ˈஸ்விம்மிங் பூல், ˈவெயிட்டிங் ரூம்.

எழுத்தில் இடைவெளி இருக்கிறதா இல்லையா என்பதை நம்பலாமா என்று ஒருவர் கேட்டார். ஒரு பக்கம் மட்டும் நம்பலாம். சேர்த்து எழுதினால் அநேகமாக முன்னழுத்தம். பிரித்து எழுதினால் அது எதையும் சொல்லாது: ˈபோஸ்ட் ஆபீஸ் பிரிந்துதான் நிற்கிறது, முன்னால்தான் அழுந்துகிறது.

ஜூன் 7

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: ஒன்றா, இரண்டா?

ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்ல ஏறக்குறைய 600 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொண்டு, பேச்சு மனதில் உருவாகும் விதத்தை ஆராய்ந்த இண்டஃப்ரேயும் லெவெல்ட்டும் 2004இல் அந்த நேரத்தைப் பகுத்துக் காட்டினார்கள். முதல் 175 வரை படத்தை அடையாளம் கண்டு கருத்தைத் தெரிவுசெய்தல். 250 வரை சொல்லைத் தெரிவுசெய்தல். 330 வரை அதன் ஒலிவடிவை எடுத்தல். 455 வரை ஒலிகளை அசைகளாக அடுக்குதல். மீதி நேரம் நாக்குக்கும் உதட்டுக்கும் கட்டளை தயாரித்தல். ‘ஒன்றா இரண்டா’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இந்தக் கட்டங்களில் எந்தக் கட்டத்தில் என்று கேட்க வேண்டும்.

லெவெல்ட், ரூலோஃப்ஸ், மெயர் மூவரும் 1999இல் முன்வைத்த மாதிரியில் கூட்டுச்சொல்லுக்குச் சொல் நிலையில் ஒரே பதிவு, அதற்கு அடுத்த உருபன் நிலையில் இரண்டு துண்டு. (உருபன் என்றால் பொருள் உள்ள மிகச் சிறிய துண்டு.) ரூலோஃப்ஸ் 1996இல் டச்சு மொழியில் செய்த சோதனைகள் இதற்கு ஆதாரம். சோதனை முறை தெரியாமல் முடிவை எடைபோட முடியாது என்பதால் சுருக்கமாக: பங்கேற்பவர் சில தூண்டுசொல்–விடைச்சொல் இணைகளைச் சின்னத் தொகுப்பாக மனப்பாடம் செய்கிறார். திரையில் தூண்டுசொல் வந்ததும் விடையைச் சொல்ல வேண்டும். ஒரு தொகுப்பில் எல்லா விடைகளும் ஒரே ஒலியில் தொடங்கும், இன்னொன்றில் வேறுவேறாகத் தொடங்கும். தொடக்கம் ஒன்றாக இருந்தால் வாய் அதை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளும், பதில் விரைவாக வரும். எவ்வளவு விரைவாக என்பதுதான் அளவு.

அதில் கிடைத்தவை: பொதுவான முதல் அசை தனி உருபனாகவும் இருந்தால் ஆதாயம் அதிகம், வெறும் அசையாக இருந்தால் குறைவு. பின்சொல் மட்டும் பொதுவாக இருந்தால் ஆதாயமே இல்லை. வாய் இடமிருந்து வலமாகத்தான் தயாராகிறது, முன்சொல்லைத் தாண்டிப் பின்சொல்லை முன்பே செய்து வைக்க முடியாது.

இதுவரை உங்கள் ‘இரண்டு’ வாதத்துக்குச் சாதகம். ஆனால் 2014இல் கசாண்ட்ரா ஜேக்கப்ஸும் கேரி டெல்லும் இதே முறையை ஆங்கிலத்தில் ஐந்து சோதனைகளாகச் செய்தார்கள். ‘ஹாட்டாக்’ என்று சொல்லும்போது ‘டாக்’ என்ற சொல்லைச் சொல்கிறோமா என்பது அவர்கள் கேள்வி. கூட்டுச்சொல்லின் ஒலிகள் தனிச்சொல்லின் ஒலிகளைப் போலவே தயாராகின்றன, இரண்டு சொல் தொடரைப் போல அல்ல என்பது அவர்கள் முடிவு.

வீல்டனும் அதிதி லாஹிரியும் 2002இல் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்துவிட்டிருந்தார்கள். டச்சில் ‘கண்ணிமை’ என்ற கூட்டுச்சொல்லும் ‘பழைய உறுப்பினர்’ என்ற தொடரும் ஒலியில் மிக நெருங்கியவை. இவற்றையும் இதே அளவுள்ள தனிச்சொற்களையும் முன்பே தயார் செய்து வைத்திருந்து, சைகை வந்ததும் சொல்ல வேண்டும். கூட்டுச்சொல்லைத் தொடங்க ஆன நேரம் தனிச்சொல்லுக்கு ஆன நேரமேதான். தொடருக்கு அதிகமாக ஆனது. தொடக்க நேரத்தைத் தீர்மானிப்பது எத்தனை சொல் என்பதைவிட எத்தனை ஓசைத் தொகுதி, அதாவது ஒன்றாகச் சேர்த்து ஒலிக்கப்படும் பகுதி, என்பதே. கூட்டுச்சொல் ஒரு தொகுதி. பின்னர் வின், வீல்டன், லாஹிரி மூவரும் 2018இல் ஆங்கிலத் தொடர்பேச்சிலும் இதைக் காட்டினார்கள்.

ஜூன் 7, சேர்க்கை

மேலே எழுதியதை மறுபடி படித்தபோது ஒரு இடம் தெளிவாக இல்லை. ரூலோஃப்ஸும் ஜேக்கப்ஸ்–டெல்லும் முரண்படுவது போலத் தெரியும். என் கணிப்பு: சேமிப்பிலிருந்து எடுக்கும்போது துண்டுகள் பயன்படுகின்றன, எடுத்ததை ஒலிக்கத் தயார் செய்யும்போது ஒரே சட்டத்தில் ஏற்றப்படுகின்றன. அந்தச் சட்டத்துக்கு ஒரு சிகரம் போதும். முன்னழுத்தமும் ஒற்றைச் சொல்லாகத் திட்டமிடுவதும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போவது இங்கேதான்.

இதில் சோதிக்க வேண்டிய பாக்கி ஒன்று இருக்கிறது. ஆப்பிள் ˈபை போன்ற இரண்டு சிகரச் சொற்களும் ஒற்றைத் தொகுதியாகத்தான் தயாராகின்றனவா? மேலே சொன்ன சோதனைகளில் மையமாக நின்றவை முன்னழுத்தச் சொற்கள். ஆகவே அவற்றின் முடிவை எல்லாக் கூட்டுச்சொல்லுக்கும் நீட்டுவது அவசரம்.

ஜூன் 8

‘எந்தச் சொல் அடிக்கடி வருகிறதோ அது வேகமாக வரும். அப்படியானால் கூட்டுச்சொல்லின் வேகம் முழுச்சொல்லின் புழக்கத்தைப் பொறுத்ததா, துண்டுகளின் புழக்கத்தைப் பொறுத்ததா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இதில் ஆய்வாளர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

பியென், லெவெல்ட், பாயென் மூவரும் 2005இல் டச்சில் செய்த ஆய்வில் துண்டுகளின் புழக்கம் வேகத்தைப் பாதித்தது. ஜான்சென், பீ, கரமாட்சா மூவரும் 2008இல் மாண்டரின் சீனத்திலும் ஆங்கிலத்திலும் படத்துக்குப் பெயர் சொல்லவைத்தார்கள். முழுச்சொல்லின் புழக்கம் மட்டுமே பாதித்தது, துண்டுகள் பாதிக்கவில்லை.

மொழி வேறு என்பதைவிடப் பணி வேறு என்பதைத்தான் நான் கவனிப்பேன். படத்துக்குப் பெயர் சொல்பவர் கருத்திலிருந்து சொல்லுக்கு வருகிறார். அங்கே ‘பட்டர்ஃபிளை’ என்ற ஒரே சொல்தான் அகப்படும், வெண்ணெயும் ஈயும் அல்ல. பியென் குழுவின் சோதனையில் திரையில் ஒரு குறி தோன்றிய இடத்துக்கென்று மனப்பாடம் செய்த சொல்லைச் சொல்ல வேண்டும். கருத்து நிலையின் வேலை குறைந்து, ஒலிவடிவை எடுக்கும் வேலை முன்னுக்கு வருகிறது. எந்தக் கட்டத்தின் நேரத்தை அளக்கிறோமோ அந்தக் கட்டத்தின் அலகுதான் தெரியும்.

மூளைப் பாதிப்பால் சொல் இழந்தவர்களின் பிழைகளும் இரண்டு நிலைக்கும் சாட்சி. 1994இல் ஜெர்மன் பேசுவோரிடம் ஹிட்மேர்-டெலாட்சர் குழு கண்டது: கூட்டுச்சொல் வேண்டிய இடத்தில் தவறான சொல் வந்தாலும் அதுவும் கூட்டுச்சொல்லாகவே வரும் போக்கு. ஒலி போய்விட்டது, ‘இது கூட்டு’ என்ற அறிவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. 2001இல் பேடெக்கர் விவரித்த ஆங்கில நோயாளி துண்டுகளில் ஒன்றை மாற்றியும் இடம் மாற்றியும் சொன்னார். துண்டுகள் சேமிப்பில் இல்லாவிட்டால் அந்த வகைப் பிழை வர வழியில்லை.

ஜூன் 8, இரவு

புதுக் கூட்டுச்சொல்லை எப்படிச் சொல்வது என்ற உங்கள் வாதத்துக்கு: சேமிப்பில் இல்லாத சொல்லுக்கு இரண்டையும் எடுத்தே ஆக வேண்டும், சந்தேகமில்லை. எடுத்த பிறகு ஒரே சட்டத்தில் ஏற்றுவதற்கு அது தடையில்லை. ஏதோ ஒரு கருவிக்கு இன்று யாரோ ‘மேங்கோ வாஷர்’ என்று பெயர் வைத்தாலும், ஆங்கிலம் பேசுபவர் தயங்காமல் ˈமேங்கோ வாஷர் என்பார். டிஷ்வாஷரின் குடும்பம் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது.

ஜூன் 10

வாய் வேலை. தமிழ் பேசுகிறவர்களுக்கு அழுத்தத்தைவிட இதுதான் பெரிய தடை.

தமிழ் வாய் சொல்லின் கடைசி வல்லின மெய்யோடு நிற்காது, ஓர் உகரம் சேர்த்துக்கொள்ளும்: பிளாக்கு, போஸ்ட்டு, புக்கு. தனிச்சொல்லில் அதனால் பெரிய கெடுதலில்லை. கூட்டுச்சொல்லின் நடுவில் வந்தால் ஓர் அசை கூடுகிறது, ஒற்றைத் தொகுதி இரண்டாக உடைகிறது. ‘பிளாக்கு போர்டு’ என்றால் கேட்பவர் காது இரண்டு சொல்லை எதிர்பார்க்கத் தொடங்கும். சுருதியை எவ்வளவு சரியாக வைத்தாலும் அதை மீட்க முடியாது.

ஆங்கிலத்தில் அந்த எல்லையில் இரண்டு மெய்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. ‘பிளாக்’கின் ககர அடைப்பைத் திறப்பதற்கு முன்பே ‘போர்ட்’டுக்காக உதடு மூடிவிடுகிறது. பழகும் படி:

‘பிளாக்’ சொல்லி நாக்கின் பின்புறத்தை மேலண்ணத்தில் ஒட்டவைத்து நிறுத்துங்கள். காற்றை விடாதீர்கள். நாக்கு ஒட்டியபடியே உதட்டை மூடுங்கள். இப்போது நாக்கை விடுவியுங்கள். உதடு மூடியிருப்பதால் ஒலி வெளியே கேட்காது. பிறகு உதட்டைத் திறந்து ‘போர்ட்’. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. உள்ளங்கையை வாய்முன் வைத்துப் பாருங்கள்: நடுவில் காற்று பட்டால் உகரம் இன்னும் ஒளிந்திருக்கிறது.

எல்லையில் ஒரே மெய் இரட்டித்தால் தமிழருக்கு அது சொந்த ஊர். ‘புக்கேஸ்’, ‘லாம்ப்போஸ்ட்’, ‘நைட்டைம்’ எல்லாவற்றிலும் ஒரே அடைப்பைச் சற்று நீட்டிப் பிடித்து ஒரே முறை திறக்க வேண்டும். ‘பக்கம்’, ‘அப்பா’, ‘பட்டம்’ சொல்லும் அதே வேலைதான். இங்கே ‘புக்கு கேஸ்’ என்று உகரம் விடுபவர் தாய்மொழியில் இருக்கும் வசதியைப் பயன்படுத்தாமல் விடுகிறார்.

அடுத்த மெய் முந்தைய மெய்யை மாற்றும் இடங்களும் உண்டு. ‘ஹேண்ட்பேக்’ சாதாரணப் பேச்சில் ‘ஹேம்பேக்’: டகரம் விழுந்து, னகரம் அடுத்து வரும் உதட்டொலிக்காக மகரமாகிறது. ‘போஸ்ட்மேன்’ ‘போஸ்மன்’ ஆகிறது. ‘ஹார்ஸ்ஷூ’வில் முதல் ஸகரம் ஷகரத்துக்குள் கரைகிறது. எல்லையை எல்லையாகவே வைத்திருக்கும் எதிர் உதாரணமும் இருக்கிறது: ‘நைட்ரேட்’ என்ற வேதிப்பொருளில் டகர ரகரம் ஒன்றாகச் சேர்ந்து ஏறக்குறைய ‘நைச்ரேட்’ என்று உரசுகிறது; இரவுக் கட்டணமான ‘நைட் ரேட்’டில் உரசுவதில்லை, டகரம் தொண்டையில் அடைபட்டுவிடுகிறது. அசைகளை அடுக்கும் கட்டத்தில் முன்சொல்லின் முடிவு மதிக்கப்படுகிறது என்பதற்கு இது சான்று. ஒற்றைத் தொகுதி என்றால் உள்ளே எல்லையே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஜூன் 10, பிற்சேர்க்கை

பின்சொல்லின் உயிர் தேய்ந்துபோன பழைய சொற்களைக் குடும்பமாகவே கற்க வேண்டும். -மன்: போஸ்ட்மன், போலீஸ்மன், மில்க்மன் தேய்ந்தவை; ஸ்னோமேன் தேயாதது. -லண்ட்: இங்லண்ட், ஸ்காட்லண்ட் தேய்ந்தவை, தாய்லாண்ட், டிஸ்னிலாண்ட் தேயாதவை. -ஃபட்: ஆக்ஸ்ஃபட். -அம்: பர்மிங்கம். -மத்: போர்ட்ஸ்மத், பிளிமத். ‘கபர்ட்’ தன் மூலச்சொற்களான ‘கப்’, ‘போர்ட்’ இரண்டையும் மறந்தே விட்டது, பகரத்தின் வல்லொலிகூட மிஞ்சவில்லை. புழக்கம் அதிகமான, பழைய சொற்களே தேய்கின்றன. சந்தேகம் வந்தால் முழு உயிரைச் சொல்லுங்கள், புரியாமல் போகாது.

ஜூன் 13

‘நான் சரியாகச் சொல்கிறேனா என்று எப்படிச் சோதிப்பது?’

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான, இலவசமாகக் கிடைக்கும், பேச்சொலியை அளக்கும் ‘பிராட்’ மென்பொருள் போதும். கவனிக்க வேண்டியவை:

சொல்லைத் தனியாகப் பதிவு செய்யாதீர்கள். வாக்கியக் கடைசியில் சுருதி எப்படியும் இறங்கும். அந்த இறக்கத்தை முன்னழுத்தம் என்று தவறாகப் படிப்பீர்கள். நடுவில் வையுங்கள்: ‘அவர் நேற்று … பற்றிப் பேசினார்’ போன்ற ஆங்கில வாக்கியம், எல்லாச் சொல்லுக்கும் அதே வாக்கியம். சுருதி எல்லையை ஆண் குரலுக்கு 75–300 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100–500 ஹெர்ட்ஸ் என்று அமைக்கலாம். முன்சொல்லின் அழுத்த உயிரிலும் பின்சொல்லின் அழுத்த உயிரிலும் சராசரிச் சுருதியை எடுங்கள். உயிரின் நடுப்பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள், வல்லினத்தை ஒட்டிய ஓரங்களில் எண் துள்ளும்.

ஹெர்ட்ஸைக் கழிக்காதீர்கள், செமிடோனாக (இசையில் சுருதி இடைவெளியை அளக்கும் அலகு) மாற்றுங்கள்: முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, அதன் 2 அடிமான மடக்கையை 12ஆல் பெருக்க வேண்டும். 220க்கும் 165க்கும் இடையே ஏறக்குறைய 5 செமிடோன். 120க்கும் 113க்கும் இடையே ஏறக்குறைய 1. ˈபிளாக்போர்டில் வித்தியாசம் பெரிதாகவும் ஆப்பிள் ˈபையில் சின்னதாகவும் வர வேண்டும். ஆப்பிள் ˈபையில் பின்சொல் மேலே போயிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாக்கியம் நெடுக சுருதி மெல்லச் சரிந்துகொண்டே போகும் என்பதால் இரண்டாவது சிகரம் முதலாவதைவிடச் சற்றுத் தாழ்ந்தும் இருக்கலாம். ஒரு சொல்லின் எண்ணைத் தனியே பார்ப்பதில் பயனில்லை, இரண்டு வகையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

ஜூன் 14

ஒருவர் அளந்துவிட்டு ‘கிரீன்ஹவுஸ் இணையில் வித்தியாசமே வரவில்லை’ என்கிறார். அவருடைய வாக்கியத்தில் வேறொரு சொல்லுக்கு அழுத்தம் கொடுத்திருக்கிறார்: ‘வாங்கியது ஜான்தான்’ என்ற பொருளில். ‘ஜானு’க்குப் பிறகு வரும் எல்லாமே சுருதியில் தட்டையாகிவிடும், கூட்டுச்சொல்லும் தொடரும் ஒன்றுபோலாகும். எதிர்நிலை காட்டும் வாக்கியமும் இதே கெடுதலைச் செய்யும்: ‘நீல வீடு அல்ல, பச்சை வீடு’ என்றால் தொடரிலும் ‘கிரீன்’தான் ஓங்கும்.

குழந்தைகள் இதை எப்போது கற்கிறார்கள் என்ற கேள்விக்கு: தாமதமாக. வோகலும் ரெய்மியும் 2002இல் ˈஹாட்டாக் (தின்பண்டம்), ஹாட் ˈடாக் (சூடான நாய்) போன்ற இணைகளைச் சோதித்தார்கள். சிறு குழந்தைகள் அழுத்தத்தைவிட, தெரிந்த சொல்லா இல்லையா என்பதை நம்பியே விடை சொன்னார்கள். பெரியவர்களைப் போன்ற தீர்ப்பு பதின்ம வயதை நெருங்கும்போதுதான் வருகிறது. வயதுவந்து கற்பவர் இதற்காக மனம் தளரக் காரணமில்லை.

ஜூன் 17

மூன்று சொல் சேர்ந்தால்? லிபர்மனும் பிரின்ஸும் 1977இல் சொன்ன விதி: வலப்பக்கம் தானே ஒரு கூட்டாக இருந்தால் வலப்பக்கம் ஓங்கும், இல்லையென்றால் இடப்பக்கம். சமையலறைத் துண்டை மாட்டும் கம்பி என்றால் ˈகிச்சன் டவல் ராக். சமையலறையில் இருக்கும் துண்டுக்கம்பி என்றால் கிச்சன் ˈடவல் ராக். கேட்பதற்கு அழகான விதி. ஆனால் கோஸ்லிங்கும் பிளாக்கும் 2009இல் பதிவுகளில் பார்த்தபோது விதியை மீறுபவை ஏராளம். உள்ளே இருக்கும் இரட்டைச் சொல் தனியாக எப்படி அழுந்துமோ அந்தப் பழக்கத்தைப் பெரிய கூட்டுக்குள்ளும் கொண்டுவருகிறது. ஆகவே நடைமுறைக்கு: முதலில் உள்கூட்டைக் கண்டுபிடித்து அதன் சொந்த அழுத்தத்தைக் காப்பாற்றுங்கள், பிறகு மூன்றாவதைச் சேருங்கள்.

கூட்டுப் பெயரடைகள் வேறு மாதிரி. ‘குட்-ˈலுக்கிங்’, ‘செகண்ட்-ˈஹேண்ட்’ வாக்கியக் கடைசியில் பின்னால் அழுந்தும். பின்னால் பெயர்ச்சொல் வந்தால் அழுத்தம் முன்னே நகரும்: ˈசெகண்ட்-ஹேண்ட் ˈகார். இரண்டு சிகரம் அடுத்தடுத்து மோதாமல் இருக்க ஆங்கிலம் செய்யும் சரிக்கட்டல் இது. தர்ˈட்டீன், ˈதர்ட்டீன் ˈமென் என்பதும் அதேதான்.

ஜூன் 18

சற்று விலகிப் போகிறேன், ஆனால் திட்டமிடலோடு தொடர்புண்டு. எலி தின்னும் பூதத்தை ‘ரேட்-ஈட்டர்’ என்பார்கள், எத்தனை எலி தின்றாலும் ‘ரேட்ஸ்-ஈட்டர்’ என்பதில்லை. பீட்டர் கார்டன் 1985இல் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் கேட்டார். சுண்டெலிக்கு ‘மைஸ்-ஈட்டர்’ என்று ஒழுங்கற்ற பன்மையைத் தாராளமாக உள்ளே வைத்தார்கள், ஒழுங்கான ‘ஸ்’ பன்மையைத் தவிர்த்தார்கள். மனப்பாடமாகக் கிடைக்கும் வடிவம் கூட்டுக்குள் நுழைய முடிகிறது. விதியால் பிறகு ஒட்டப்படும் வடிவம் நுழைய முடிவதில்லை. அப்படியானால் கூட்டு, பன்மை விதிக்கு முந்திய கட்டத்திலேயே அமைகிறதா என்ற விவாதத்தில் இந்தச் சோதனை அடிக்கடி பேசப்படுகிறது.

‘பாஸர்-ˈபை’யின் பன்மை ‘பாஸர்ஸ்-ˈபை’. பன்மை நடுவில், அழுத்தம் கடைசியில். ரன்னர்-ˈஅப், ஹேங்கர்-ˈஆன் இரண்டும் இதே வகை. வினையிலிருந்து நேரே வந்த ˈமேக்கப், ˈடேக்-ஆஃப் முன்னழுத்தம். இரண்டையும் குழப்பாதீர்கள்.

ஜூன் 21

தமிழோடு ஒப்பிட முடியுமா என்று பலர். ஒரு வரையறைக்குள் முடியும். ‘கைப்பிடி’, ‘மரப்பலகை’ என்று வல்லினம் மிகுவது இரண்டு சொல் ஒன்றாகிவிட்டதைக் காதுக்குச் சொல்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையில் பெரும்பகுதியைச் சுருதி பார்க்கிறது. ஆனால் தமிழிலும் எல்லாத் தொகையும் மிகுவதில்லை: ‘ஊறுகாய்’ வினைத்தொகை, ‘தாய்தந்தை’ உம்மைத்தொகை, இரண்டிலும் மிகாது. இரண்டு மொழியிலும் தொகையின் அடையாளம் உறவுக்கு உறவு மாறுகிறது என்பது வரைக்கும் ஒப்பிடலாம். அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்.

ஜூன் 22

அகராதி பார்க்கும்போது: உச்சரிப்பு அகராதியில் கூட்டுச்சொல்லின் இரண்டு பகுதிக்கும் குறி இருக்கும். மேலே நிற்கும் கோடு முதன்மை அழுத்தம், கீழே நிற்கும் கோடு இரண்டாம் அழுத்தம். முதலில் கீழ்க்கோடும் பிறகு மேற்கோடும் வந்தால் அதைப் பின்னழுத்தச் சொல் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது இரண்டு சிகரம். பிரித்து எழுதும் கூட்டுச்சொற்கள் பல நேரம் தனிப் பதிவாக இருக்காது; முன்சொல்லின் பதிவுக்குக் கீழே தேடுங்கள்.

இரண்டு நாட்டு வழக்கையும் கலக்காதீர்கள். வாரக்கடைசி பிரிட்டனில் வீக்ˈஎண்ட், அமெரிக்காவில் ˈவீக்எண்ட். நிலக்கடலை வெண்ணெய் பிரிட்டனில் பீனட் ˈபட்டர், அமெரிக்காவில் ˈபீனட் பட்டர். ஐஸ்க்ரீம் அமெரிக்காவில் முன்னால், பிரிட்டனில் இரண்டு விதமாகவும். எந்த வழக்கைப் பழகுகிறீர்களோ அந்த வழக்கின் அகராதியை மட்டும் பாருங்கள்.

கிறிஸ்மஸ் குடும்பத்தைப் பயிற்சிக்குத் தருகிறேன், ஒரே முன்சொல்லில் இரண்டு வகையும் கிடைக்கும்: ˈகிறிஸ்மஸ் கார்ட், ˈகிறிஸ்மஸ் ட்ரீ, ˈகிறிஸ்மஸ் கேக், கிறிஸ்மஸ் ˈடே, கிறிஸ்மஸ் ˈஈவ், கிறிஸ்மஸ் ˈபுடிங். முதல் மூன்றைத் தொடர்ந்து சொல்லிப் பதிவு செய்யுங்கள், பிறகு அடுத்த மூன்று, பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து. கலக்கும்போது ‘கார்ட்’ மேலே ஏறினால் கத்தாதீர்கள். ‘கார்ட்’டின் சுருதியை இறக்குங்கள்.